சொம்பைத் தூக்கிக் குடிப்பதில் என்ன இருக்கிறது? பண்பாடு பற்றிக் கேள்வி பதில்

கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்ததில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தருமபுரி: பண்பாட்டின் அடிப்படைக் கூறுகள் எவை சார்? சுருக்கமாக வேண்டும்.

தேர்வுக்கென்றால்: குறியீடுகள், மொழி, விழுமியங்கள், நெறிமுறைகள், பொருள்கள். நம்பிக்கைகளைத் தனியாக எண்ணும் புத்தகமும் உண்டு. இங்கிலாந்து மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் 1871-ல் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்: இதெல்லாம் மனிதன் சமூகத்தில் ஒருவனாக இருந்து பெற்றுக்கொள்வது. ரத்தத்தில் வருவதில்லை.

புரியவேண்டுமென்றால் ஒரு சொம்புத் தண்ணீரைப் பாருங்கள். வீட்டுக்கு வந்தவர் அண்ணாந்து குடிக்கிறார், உதடு படவில்லை. சொம்பு பொருள். வாய் வைக்கக்கூடாது என்பது நெறி. அதற்குப் பின்னால் சுத்தம், தீட்டு என்ற எண்ணம் நிற்கிறது, அது விழுமியம். அந்த எண்ணத்துக்கு 'எச்சில்' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் உமிழ்நீருக்குச் சொல் உண்டு. ஒருவர் கடித்து வைத்த இட்லிக்கு இல்லை. கேட்காமலே தண்ணீர் நீட்டுவது 'வாங்க' என்பதன் குறியீடு.

அதே தீட்டு எண்ணம்தான் டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனிக் குவளையும் வைத்தது. பண்பாட்டுப் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

வங்கி ஊழியர், கும்பகோணம்: பழக்கவழக்கத்துக்கும் ஒழுக்க நெறிக்கும் எங்கே கோடு?

மீறினால் ஊர் என்ன செய்கிறது என்று பாருங்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கு முன்னாலேயே மோர் கேட்டால் சிரிப்பார்கள். பெற்றவளைப் பட்டினி போட்டால் சிரிக்கமாட்டார்கள். முன்னது பழக்கம், பின்னது ஒழுக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரகாம் சம்னர் 1906-ல் பிரித்தது இப்படித்தான்.

மென்பொருள் பணி, டெக்சாஸ்: என் பெண் சித்தப்பாவையும் மாமாவையும் 'அங்கிள்' என்கிறாள். சொல்தானே என்று விட்டுவிடலாமா?

சொல் மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பாவின் சகோதரர்கள் பெரியப்பா, சித்தப்பா. அவர்களும் ஒருவகை அப்பாதான். அம்மாவின் சகோதரிகள் பெரியம்மா, சித்தி. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. ஆனால் அம்மாவின் சகோதரன் மாமா, அப்பாவின் சகோதரி அத்தை. அவர்கள் பிள்ளைகள் முறைப்பையன், முறைப்பெண். யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பது கூப்பிடும் சொல்லிலேயே இருக்கிறது.

இந்தக் கோடு ஊருக்கு ஊர் மாறும். இந்தியில் சாச்சா வேறு, மாமா வேறு. ஆனால் வடக்கே பெரும்பாலான இந்துச் சாதிகளில் மாமன் மகளும் தங்கைதான். அவளைக் கட்டுவது என்றாலே முகம் சுளிப்பார்கள். பல அரபுச் சமூகங்களிலோ சித்தப்பா மகளைக் கட்டுவதுதான் விரும்பப்படும் சம்பந்தம். இதைக் கேட்டால் நம் ஊர்ப் பாட்டி காதைப் பொத்திக்கொள்வாள்.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துச் செனெகா பழங்குடிகளின் உறவுப் பெயர்களைக் குறித்துவைத்திருந்தார். அங்கேயும் அப்பாவின் தம்பி அப்பா, அம்மாவின் தங்கை அம்மா; தாய்மாமனுக்கும் அத்தைக்கும் வேறு பெயர். பிறகு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் உறவுப் பெயர்களைப் பார்த்தார், அசந்துபோனார். அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று 1871-ல் எழுதியும்விட்டார். அங்கே கொஞ்சம் அவசரப்பட்டார் என்பேன். சம்பந்தமே இல்லாத இரண்டு கூட்டம் ஒரே மாதிரி பிரிக்கலாம். செனெகாக்களிடம் மாமன் மகளைக் கட்டும் வழக்கமும் கிடையாது.

உங்கள் பெண்ணுக்கு வெறும் பெயரைத் திணிக்காமல் கணக்கைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். புதிர் மாதிரி பிடித்துக்கொள்வாள்.

ஆசிரியை, திண்டுக்கல்: எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல் உண்டாமே?

மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-ல் எடுத்துக்காட்டியது நான்கு வேர்ச்சொற்கள். கைமாறக் கைமாற ஐம்பது, நூறு என்று ஊதிவிட்டது. அவர்கள் மொழியில் விகுதிமேல் விகுதி ஒட்டி ஒரு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கலாம், அதனால் எண்ணிக்கைக்கே அர்த்தமில்லை. வகுப்பில் சொல்ல நம் உதாரணமே போதும் டீச்சர்: நெல், அரிசி, நொய், சோறு. நட்டது, குத்தினது, உடைந்தது, வெந்தது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்றே பேச்சை ஓட்டிவிடலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: எல்லாப் பண்பாடும் சமம் என்றால் சதியும் (உடன்கட்டை ஏறுவதும்) சரிதானா?

இல்லை. ஒரு வழக்கத்தை அதன் இடத்தில் வைத்துப் புரிந்துகொள்வது வேறு, அதற்கு ஆமாம் போடுவது வேறு. 1829-ல் வங்காளத்தில் சதி தடை செய்யப்பட்டபோது அந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடிய ராம்மோகன் ராய் வங்காளிதான், வெளியாள் அல்ல. எந்தச் சமூகமும் உள்ளுக்குள் ஒரே குரலில் பேசுவதில்லை.

கல்லூரி மாணவர், சென்னை: எங்கள் அம்மாச்சி 'மேக்கால தள்ளி உக்காரு' என்பார். எனக்கு இடது வலதுதான் தெரியும். இதுவும் பண்பாட்டு வித்தியாசமா?

நல்ல கேள்வி தம்பி. ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் கூகு இமிதிர் என்று ஒரு மொழி. கங்காரு என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். அதைப் பேசுகிறவர்கள் உடம்பை வைத்து இடம் வலம் சொல்வதில்லை. 'உன் வடக்குக் காலில் எறும்பு' என்கிற மாதிரிதான் பேசுவார்கள். நம் கிராமத்திலும் வயல், வாய்க்கால், வாசல் எல்லாம் திசையை வைத்துத்தான். எந்நேரமும் மனசுக்குள் திசைமானி ஓடினால்தான் அப்படிப் பேச வரும்.

என் அம்மா முதல்முறை அடுக்குமாடிக்கு வந்தபோது லிஃப்டில் இறங்கியதும் திசை குழம்பிவிட்டது. அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு இறங்கினார். அப்போதிருந்து என் படுக்கையறைக்குப் பெயர் 'தெக்கு ரூம்பு'.