வாக்குக் கொடுத்தாச்சு, வெயிலும் ஏறியாச்சு: ஓடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்தும் ஒரு சின்ன மையத்துக்காக அரை மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர், ஓடிப் பணம் திரட்டுகிறோம். ஜனவரியில் நடக்க வேண்டியது, தள்ளித் தள்ளிப் போய் இப்போது ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை 6.30 மணி என்கிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கி எண்ணூர் விரைவுச் சாலையில் எர்ணாவூர் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். நான் இதுவரை 15 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், அதுவும் மார்கழிக் குளிரில். முழுதாக ஓட மூன்று மணி நேரம் ஆகும். பிபிக்கு தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். தெருவிலும் ஆபீசிலும் சொந்தத்திலும் 46,000 ரூபாய் வாங்கிவிட்டேன். சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீன் விற்கும் ஆயா ஒருவர் 200 ரூபாயை மடித்து என் கையில் வைத்தார். கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். மாமியார், உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடினால் சூடு ஏறாது என்கிறார். பாதியில் நின்றுவிட்டால் காசு வாங்கி ஏமாற்றியது போல ஆகாதா?

- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. அந்த ஆயா 200 ரூபாய் கொடுத்தது பிள்ளைகள் படிப்பதற்காக. நீங்கள் எர்ணாவூர் வரை போனாலும் சரி, திருவொற்றியூரிலேயே திரும்பினாலும் சரி, அந்தப் பணம் டியூஷன் மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நீங்கள் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. ஆனால் இதை ஓட்டம் முடிந்தபிறகு சமாதானமாகச் சொன்னால் உங்களுக்கே உறுத்தும். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: “ஓட்டம் ஏப்ரலுக்குத் தள்ளிப் போய்விட்டது. வெயில் அதிகம் என்பதால் நடுவில் நடப்பேன், உடம்பு முடியவில்லை என்றால் நிறுத்திவிடுவேன். உங்கள் பணம் முழுவதும் பிள்ளைகளுக்குப் போகும். வேண்டாம் என்று நினைப்பவர்கள் சொன்னால் திருப்பித் தந்துவிடுகிறேன்.” யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கிலோமீட்டர் கணக்கில் தருவதாகச் சொன்னவர்களிடம் ஓடியதும் நடந்ததுமாக எவ்வளவு ஆனதோ அதை அப்படியே சொல்லுங்கள். 11 என்றால் 11. ஆயாவிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெயிலில் ஓடுகிறவர்களை விழவைப்பதில் வெட்கத்துக்கும் பங்கு உண்டு. இத்தனை பேரிடம் சொல்லிவிட்டோமே என்ற நினைப்பு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாது. அந்தப் பாரத்தை ஓட்டத்துக்கு முன்பே இறக்கி வைத்துவிட்டால் அன்று உடம்பு சொல்வது உங்கள் காதில் விழும்.

மாமியார் சொன்ன எண்ணெய்க்கு வருகிறேன். 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் அந்த ஊருக்குப் பழக்கமில்லாத வெயிலில் நடந்தது. போர்ச்சுகல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெயில் தாக்காமல் இருக்க உடம்பில் மெழுகு தடவிக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். 30 கிலோமீட்டர் வாக்கில் விழுந்தார், மறுநாள் இறந்துபோனார். தோலை அடைத்ததால் வியர்வை சரியாக வெளியேறவில்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மாமியாரின் அக்கறை பெரிது. அந்த எண்ணெய்க் குளியலை முந்தின நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடும்போது தொடை உரசும் இடத்திலும் அக்குளிலும் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

அதே பந்தயத்தில் ஜப்பானைச் சேர்ந்த ஷிசோ கனகுரியும் ஓடினார். வெயில் தாங்காமல் வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார். அங்கிருந்தவர்கள் குடிக்கக் கொடுத்து ஆசுவாசப்படுத்தினார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட, சுவீடனில் காணாமல் போனவர் கணக்கில் வைத்திருந்தார்கள். அவரோ 1920 ஒலிம்பிக்கில் மறுபடி மாரத்தான் ஓடினார். 1967இல் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்து, பழைய பந்தயத்தின் எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 வருடம் 8 மாதம் சொச்சம் என்று அறிவித்தார்கள். அன்று பாதியில் நின்றதால்தான் அவரால் திரும்பி வர முடிந்தது.

சரி, உங்கள் சாலைக்கு வருவோம். ‘கடல் ஓரம்தானே, காற்று வரும்’ என்று நினைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் கடல்காற்று பெரும்பாலும் உச்சிவேளை வாக்கில்தான் உள்ளே வரும், சில நாள் இன்னும் தாமதமாகும். காலை ஏழு எட்டு மணிக்குக் காற்று அசையாது, ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு வெளியேற வியர்வை காய வேண்டும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிற வியர்வையால் பயன் இல்லை. எண்ணூர் சாலையில் நிழலும் கிடையாது. கிழக்கே கடல் என்பதால் சூரியனுக்கு மறைப்பே இல்லை, போகும்போது வலது கன்னத்தில் அடிக்கும், வரும்போது இடது கன்னத்தில். கூடவே கன்டெய்னர் லாரிகளின் புகையும் சூடும்.

ஏப்ரல் கடைசியில் சூரியன் 5.50 வாக்கிலேயே வந்துவிடும். 6.30க்குத் தொடங்கினால் நீங்கள் முடிப்பது 9.30. இந்த நேரம் எனக்குச் சரியாகவே படவில்லை. கூட ஓடுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துபவர்களிடம் போய், நாலரை மணிக்குத் தொடங்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஐந்து. இருட்டு, லாரி, தெருநாய் என்று தயங்குவார்கள். நியாயம்தான். தன்னார்வலர்களும் பளிச்சென்ற ஜாக்கெட்டுகளும் வைத்து அதைச் சமாளிக்க முடியும். எட்டு மணி வெயிலைச் சமாளிக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. முடியாது என்றால் 10 கிலோமீட்டராகக் குறைக்கச் சொல்லுங்கள். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானையே வெப்பத்தால் நடுவில் நிறுத்தினார்கள். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் வந்துவிடவில்லை.

உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாகக் கணக்குப் பார்க்கிறேன். உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் போதும். சீக்கிரமே வியர்க்க ஆரம்பிக்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும், ரத்தத்தின் நீரளவு கூடும். அதற்கு, பந்தயம் நடக்கப்போகும் நேரத்திலேயே மெதுவாக ஓட வேண்டும். முதலில் அரை மணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி. நடு மத்தியானத்தில் ஓடிப் பழகுகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். கடைசி வாரம் ஓய்வு. அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஓட்டம் ரத்து, இதில் பேச்சே இல்லை.

அதற்கும் முன்னால் உங்கள் டாக்டரைப் பாருங்கள். பிபி மாத்திரைகளில் சில, நீரைப் பிரிய வைப்பவை. சில, நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பவை. வெயிலில் இரண்டுக்கும் எச்சரிக்கை தேவை. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுபோய், ‘இந்தத் தேதியில் மூன்று மணி நேரம் வெயிலில் ஓடப்போகிறேன்’ என்று அப்படியே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை. கால்வலிக்கு என்று முன்கூட்டியே வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

ஓட்டத்தன்று வாட்சைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மூச்சு இடறினால் வேகம் அதிகம். தொடக்கத்திலிருந்தே நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். களைத்தபிறகு நடப்பதைவிட இது நல்லது. வெளிர் நிறத்தில் தளர்வான டி-ஷர்ட், நனைத்துப் போட ஒரு தொப்பி. கனமான காட்டன் சுடிதார் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பக்கப் பயம்தான் இருக்கிறது, குறைந்துவிடுமோ என்று. கூடினாலும் ஆபத்து, ரத்தத்தில் இருக்கும் உப்புச்சத்தான சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கும், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கும், நெடுநேரம் எடுத்துக்கொண்டவர்களுக்கும்தான் அது அதிகம். மெதுவாக ஓடுகிற உங்களுக்கு இது முக்கியம். பயிற்சியில் ஒருநாள் ஒரு மணி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். பந்தயத்தில் தாகம் எடுக்கும்போது நாலு வாய், அவ்வளவுதான். வழியில் தண்ணீர்ப் பந்தலில் அன்பாக ஒரு சொம்பு நீட்டுவார்கள். கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரோடு உப்பு போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ மாற்றி மாற்றிக் குடியுங்கள். ஓஆர்எஸ் என்றால் உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். அரை டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் குடிப்பது தவறு. உங்களுக்கு பிபி இருப்பதால் உப்பின் அளவையும் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதை ஓட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். காலையில் பழகிய சாப்பாடு மட்டும், இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ.

இனி சொல்வதை உங்கள் நடத்துபவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். இது உயிர் விஷயம். ஓடுகிறவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிந்து விழுந்தால், எந்த இடம் என்று தெரியாமல் விழித்தால், அது வெப்பத் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ‘வியர்க்கிறதே, அப்போ ஒன்றும் இல்லை’ என்று விடக் கூடாது, ஓடி விழுகிறவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் மயங்கியவர் வாயில் சோடா ஊற்றுவதும் கூடாது. 108க்கு ஒருவர் போன் செய்யும்போதே மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். பெரிய டப்பில் ஐஸ் தண்ணீர் நிரப்பித் தலை மட்டும் வெளியே இருக்கும்படி கழுத்துவரை அமிழ்த்துவது முதல் வழி. டப் இல்லையென்றால் ஒரு தார்ப்பாயில் படுக்க வைத்து, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை உள்ளே ஊற்றி உடம்பெங்கும் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை மணிக்குள் சூடு இறங்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆம்புலன்சுக்காகக் காத்திருந்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த அரை மணி வழியிலேயே போய்விடும்.

ஐஸுக்குக் காசிமேட்டைவிட நல்ல இடம் சென்னையில் எது? ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸ் பேக்டரிகளில் வழக்கமான அளவு அடிக்காமல் இருக்கலாம். ஒரு வாரம் முன்பே போய்ப் பேசி, சனிக்கிழமை இரவே உடைத்த ஐஸை மீன் பெட்டிகளில் இறக்கி, தொடக்கத்திலும் திரும்பும் இடத்திலும் நடுவில் இரண்டு இடங்களிலும் வைக்கச் சொல்லுங்கள். மெடல் அடிக்கிற காசில் இதைச் செய்துவிடலாம்.

உங்கள் கணவருக்கு அன்று ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் திரும்பி வரும் வழியில், 14ஆவது கிலோமீட்டர் பக்கம் வண்டியோடு நிற்கட்டும். உங்கள் பெயர், தேதி, வீட்டு போன் நம்பர் மூன்றையும் கேட்கட்டும். பதில் தடுமாறினாலோ, முகம் வெளுத்து, குமட்டி, புல்லரித்துக் குளிர்ந்தாலோ அங்கேயே நிறுத்திவிடும் உரிமை அவருக்கு. ‘எனக்கு ஒண்ணுமில்லை, விடுங்க’ என்று நீங்கள் சண்டை போட்டாலும் விடக் கூடாது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வது பயத்தில்தான். அந்தப் பயத்துக்கு ஒரு பொறுப்பு கிடைத்தால் வீட்டில் மூன்று வாரம் நிம்மதியாகப் போகும்.

முடித்ததும் சட்டென்று உட்காராமல் கொஞ்ச நேரம் நடங்கள், பிறகு நிழலில் படுத்துக் காலை உயர்த்தி வையுங்கள். அன்று முழுக்க வீட்டில் யாராவது கூட இருக்கட்டும். தலைவலியும் வாந்தியும் குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனாலும், நெடுநேரம் போகாமலே இருந்தாலும் மறுநாள் வரை பார்க்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வெயிலில் எவ்வளவு நேரம் ஓடினீர்கள், என்னென்ன குடித்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.