குன்றிய குழந்தையின் உடலில் வளர்ச்சி ஹார்மோன்: கேள்வி பதில்

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை நெடுங்காலம் கவனித்து ஓய்வுபெற்ற பினாங்கு மருத்துவர் ஒருவர், வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளிக்கிறார்.

செந்தூல் தாயார்: டாக்டர், என் மகனுக்கு நான்கு வயது. காலையில் எடுத்த இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகக் குறைவு என்றார்கள். பயப்பட வேண்டுமா?

அந்த ஓர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, அம்மா. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது; ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாகச் சுரக்கும். சுரந்ததில் பாதி ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் இரத்தத்திலிருந்து அகன்றுவிடுவதால், நலமான குழந்தைக்கும் பகலில் அளவு மிகக் குறைவாகவே இருக்கலாம். கிளினிக் பதிவேட்டில் ஆறு மாத இடைவெளியில் குறித்த இரண்டு உயரங்கள் இதைவிட அதிகம் சொல்லும்.

பட்டர்வொர்த் ஆசிரியர்: ஊட்டமில்லாத குழந்தைக்கு இந்த ஹார்மோன் அதிகமாக இருக்கும் என்கிறார்களே, முரணாக இல்லையா?

முரணாகத் தோன்றுவது உண்மைதான். உணவு குறைந்தால் இன்சுலின் குறைகிறது; அதனால் கல்லீரலில் இந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் குறைகின்றன. இந்த ஹார்மோனின் தூண்டலால் கல்லீரல் சுரக்கும், எலும்பை நீளச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற பொருள் போதிய அளவு உருவாகாமல் போக, அது பிட்யூட்டரிக்கு இட்டிருந்த கடிவாளமும் தளர்ந்து, சுரப்பு பெருகுகிறது. ஏற்பியோடு சேர்ந்த ஹார்மோன் செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைவதால், ஏற்பி குறைந்தால் வெளியேற்றமும் மெதுவாகும். பட்டினி கிடந்த கன்றுகளிலும் ஆடுகளிலும் இதை அளந்தே கண்டிருக்கிறார்கள். மனிதரில் இந்த மிகுதியின் பெரும்பங்கு சுரப்பின் பெருக்கத்துக்கே உரியது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஏற்பியின் வெளிப்பகுதி பிரிந்து இரத்தத்தில் மிதந்து, ஹார்மோனில் ஏறக்குறைய பாதியைப் பிடித்து, அதை வடிகட்டிச் சிதைக்கும் சிறுநீரகத்திடமிருந்து காக்கிறது. ஊட்டக்குறைவில் அதுவும் குறைவதால், அந்த வழியில் இழப்பு கூடக்கூடும்.



புக்கிட் மெர்தாஜாம் தாதி: நன்றாக உண்ணத் தொடங்கியபின் எது மாறும்?

இன்சுலின் உயர்ந்து ஏற்பிகள் திரும்ப, ஐஜிஎஃப்-1 ஏறுகிறது, வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறது. இந்த இறக்கத்தைக் கண்டு கலங்கும் பெற்றோரிடம், உடல் மீண்டும் ஹார்மோனுக்குச் செவிசாய்க்கிறது என்று சொல்லுங்கள். எடை முதலில் கூடும், உயரம் பின்னால்தான் வரும். ஆகவே முதல் மாதங்களில் அளவுகோலை நொந்துகொள்ள வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் தந்தை: ஹார்மோனைக் கூட்டும் தூள் வாங்கித் தரலாமா?

வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்களாலான புரதம்; வாய்வழி சென்றால் செரித்துப்போகும். அந்தப் பணத்துக்கு முட்டையும் நெத்திலியும் வாங்குங்கள்.

கிள்ளான் வாசகர்: சிறுநீரக நோயுள்ள என் மகளும் குட்டையாக இருக்கிறாளே?

சிறுநீரகம் இந்த ஹார்மோனை வடிகட்டிச் சிதைக்கும் உறுப்பு. அது பழுதானால் ஹார்மோன் நெடுநேரம் தங்கும்; ஆனால் ஐஜிஎஃப்-1ஐக் கட்டிவைக்கும் புரதங்களும் சேர்ந்துவிடுவதால் பயன் குறைகிறது. இந்த நிலையில் ஊசிமூலம் ஹார்மோன் தருவது ஏற்கப்பட்ட சிகிச்சை என்பதால், அவளுடைய சிறுநீரக நிபுணரிடம் இதைக் கேளுங்கள்.