பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா போரில் வென்றதா, ஸ்பெயினிடமிருந்து விலைக்கு வாங்கியதா?

ஸ்பெயின்–அமெரிக்கப் போரை முடித்துவைத்த 1898ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டு கோடி டாலர் கைமாறியதைக் குறிப்பிட்டு, வென்ற நாடே பணம் கொடுக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில், வென்றதைச் சட்டப்படி நிறுவ முடியாமல் போனதே அந்தப் பணத்துக்கு முக்கியக் காரணம்.

அந்த ஆண்டு மே 1 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் டியூவியின் கப்பற்படை மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை ஒரே காலைப்பொழுதில் அழித்தது. கடல் வசமானாலும், கரையிறங்கி நகரைப் பிடிக்க அவரிடம் போதிய படை இல்லை. நாடு கடந்து ஹாங்காங்கில் இருந்த, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த பிலிப்பினோ புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ அமெரிக்கக் கப்பலிலேயே திரும்பி வந்தார். அவருடைய படையினர் மணிலாவைத் தரைவழியே வளைத்துக்கொண்டனர். ஜூன் 12 அன்று கவிட்டே மாகாணத்தின் கவிட் ஊரில் அவர் விடுதலையை அறிவித்தபோது, ஸ்பெயினும் அதை ஏற்கவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை.

அடுத்து நடந்ததைப் போர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நகருக்குள் முற்றுகையில் சிக்கியிருந்த ஸ்பானிய ஆளுநர் ஹாவுதெனெஸ், போரிடாமல் சரணடைந்தால் தாயகத்தில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். பிலிப்பினோக்களிடம் சரணடையவோ அவருக்கு மனமில்லை. ஆகவே பெல்ஜியத் தூதர் எதுவார் ஆந்த்ரே இரு தரப்புக்கும் நடுவே சென்றுவந்து, ஒப்புக்கு ஒரு சண்டை நடத்தி நகரை அமெரிக்கர்களிடம் ஒப்படைப்பது என்று பேசி முடித்தார். ஆகஸ்ட் 13 அன்று கப்பல்கள் மலாத்தேயிலிருந்த சான் அந்தோனியோ அபாத் கோட்டையைச் சுட்டன. பிறகு மதிலில் வெள்ளைக்கொடி ஏறியது. நாடகம் என்றாலும் சில உயிர்கள் போயின. வளைத்து நின்ற பிலிப்பினோப் படையினர் மதில் சூழ்ந்த இன்ட்ராமுரோஸ் பகுதிக்குள் நுழையாமல் தடுக்கப்பட்டனர்.

சிக்கல் தேதியில் இருந்தது. சண்டையை நிறுத்தும் ஒப்பந்தம் வாஷிங்டனில் ஆகஸ்ட் 12 அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது. மணிலாவின் கடலடித் தந்திக் கம்பியை டியூவி முன்பே அறுத்திருந்ததால், செய்தி 16ஆம் தேதிதான் அங்கு வந்து சேர்ந்தது. போர் நின்ற பிறகு பிடித்த நகரைக் காட்டி ஒரு தீவுக்கூட்டம் முழுவதையும் வென்றதாக உரிமை கோர இயலாது என்று பாரிஸ் பேச்சுவார்த்தையில் ஸ்பானியத் தரப்பு வாதிட்டது; மணிலாவுக்கு அப்பால் அமெரிக்கா பெரும்பாலும் எதையும் பிடித்திருக்கவுமில்லை. முதலில் லூசோன் தீவு மட்டும் போதும் என்றிருந்த அதிபர் மெக்கின்லி, அக்டோபர் இறுதியில் முழுவதையும் கேட்கப் பணித்தார். இழுபறிக்குப் பின் முன்வைக்கப்பட்ட தொகைதான் அந்த இரண்டு கோடி. வேறு வழியற்ற ஸ்பெயின் டிசம்பர் 10 அன்று கையெழுத்திட்டது. அகினால்டோ அனுப்பிய பெலிப்பே அகோன்சில்யோவுக்கு அந்த மேசையில் இடமே தரப்படவில்லை.

அமெரிக்கச் செனட் 1899 பிப்ரவரி 6 அன்று 57க்கு 27 என்ற கணக்கில் இதற்கு ஒப்புதல் அளித்தது. தேவையான மூன்றில் இரு பங்கைவிட ஒரே ஒரு வாக்குதான் கூடுதல். அதற்கு இரண்டு நாள் முன்பே மணிலாவின் புறநகரில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் இடையே போர் மூண்டுவிட்டது. உண்மையான படையெடுப்பு கிரயத்துக்குப் பிறகுதான் நடந்தது என்பதே இதன் பொருள்.

கிரயப் பத்திரத்தில் எல்லை வரைவதிலும் ஒரு பிழை நேர்ந்தது. சிபுட்டு, காகயான் டி சுலு ஆகிய தீவுகள் கோட்டுக்கு வெளியே விடுபட்டுப் போனதால், 1900இல் தனியாக ஓர் உடன்படிக்கை செய்து, அமெரிக்கா ஸ்பெயினுக்கு மேலும் ஒரு லட்சம் டாலர் கொடுத்தது.