நீலம் போதாமல் போன கொடி

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்து, இப்போது கனடா ஸ்காபரோவில் இருப்பவள். அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் தம்பி துப்புரவாக்கியபோது ஒரு தபாலட்டை கிடைத்தது. பாவித்த தபால் முத்திரைகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டி ஒரு பிரிட்டிஷ் கொடியும், பக்கத்தில் நிற்கும் ஒரு நேவிக்காரனும் செய்திருக்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில் 'கோட் சேவ் த கிங்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. பின்பக்கம் வெறுமை. அம்மம்மாவின் அப்பா, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த எங்கள் பூட்டன் செய்தது என்று அம்மா சொல்கிறா. இரண்டு பக்கமும் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

இது முதலாம் யுத்தமா, இரண்டாவதா? விலை போகுமா? தண்ணீரில் ஊறவைத்தால் முத்திரைகளைத் தனியாக எடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், செய்யலாமா? இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் பூட்டன் வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு வால் பிடித்தவரா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில். ஊறவைக்க வேண்டாம். தம்பியின் கையில் சருவச்சட்டி இருந்தால் இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கள். குளிர்தண்ணீரும் வேண்டாம், கன்னியாவின் ஏழு கிணற்று வெந்நீரும் வேண்டாம். அந்தக் காலத்து இலங்கை முத்திரைகளை லண்டனில் அச்சடித்த டி லா ரூ கம்பனி, தண்ணீர் பட்டால் கரைகிற மையை வேண்டுமென்றே பாவித்தது. பாவித்த முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டி அரசாங்கத்தை ஏய்ப்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. பச்சையும் ஊதாவும்தான் கூடுதலாகக் கரையும். எனக்கு இது பட்டறிவு. பத்து வயதில் பெரியப்பாவின் பழைய ஊதா முத்திரைகள் சிலதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்தேன். அரை மணித்தியாலத்தில் தண்ணீர் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது, முத்திரையில் ராசா இல்லை. பெரியப்பா அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் காட்டியதும் இல்லை.

ஊறவைத்து மிஞ்சினாலும் பிரயோசனம் இல்லை. வெட்டின முத்திரைக்கு முத்திரைச் சந்தையில் மதிப்பே கிடையாது, ஓரத்துப் பல் ஒன்று உடைந்தாலே விலை விழும். உங்களிடம் இருப்பது முத்திரை இல்லை, அட்டை. அதை வாங்குபவர்களும் வேறு ஆட்கள், பழைய தபாலட்டை சேர்ப்பவர்கள். விலை போகும். ஆனால் வீட்டை விட்டு அனுப்பும் அளவுக்குப் போகாது என்பது என் எண்ணம்.

இனி, எந்த யுத்தம் என்ற கேள்வி. உங்கள் படத்தைப் பெரிதாக்கி ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி அட்டைகளில் எல்லாரும் பார்ப்பது கொடியை. கொடியைப் பார்த்து ஒன்றும் பிடிபடாது. எந்த ஊரிலும் யாரும் பார்த்து வரையக்கூடிய கொடி அது. முத்திரைத் துண்டு அப்படி இல்லை, அது அந்த வீட்டுக்கு வந்த கடிதத்தில் இருந்து வந்தது.

நேவிக்காரனின் காலுக்குக் கீழே பச்சையாகத் தரை போட்டிருக்கிறாரே, அது இலங்கையின் மூன்று சத முத்திரை. இடது சப்பாத்துக்குக் கீழே உள்ள துண்டில் கறுப்பு எழுத்து சற்றுத் தெரிகிறது. தம்பியிடம் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 'வார்' என்று இருக்கும். 1918இல் இலங்கையில் இரண்டு சதம், மூன்று சதம், ஐந்து சத முத்திரைகளின் மேல் 'வார் ஸ்டாம்ப்' என்று கறுப்பில் மேலச்சு அடித்து விட்டார்கள். உங்கள் பூட்டன் 'ஸ்டாம்ப்' என்ற சொல்லை வெட்டி எறிந்துவிட்டு 'வார்' என்பதை மட்டும் சப்பாத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். தற்செயலோ, வேண்டுமென்று செய்ததோ. எப்படியோ அட்டை 1918க்கு முந்தியது இல்லை. சிவப்புத் துண்டுகளில் தெரிவது முடி சூடிய தலை, ஆகவே ஐந்தாம் ஜோர்ஜ். அவருடைய அப்பா ஏழாம் எட்வேர்ட் இலங்கை முத்திரையில் வழுக்கைத் தலையோடு வருவார், இரண்டு அர்த்தத்திலும் முடியில்லாத ராசா.

இரண்டாம் யுத்தகாலத்து அட்டை என்றால் வேறு அடையாளம் இருக்கும். அப்போது திருகோணமலை முழுக்க நேவிக்காரர், அவர்கள் ஊரில் இருந்து வரும் கடிதங்களில் பிரிட்டிஷ் முத்திரை. 1941இல் மை மிச்சம் பிடிக்க அந்த முத்திரைகளை வெளிர்நிறத்தில் அச்சடிக்கத் தொடங்கினார்கள். அதே முத்திரை, அதே ராசா, ஆனால் பலதரம் தோய்த்த சட்டை மாதிரி. அந்த வெளிர்நிறம் உங்கள் அட்டையில் இல்லை. இலங்கைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவது, சிவனொளிபாதமலை, கொழுந்து கிள்ளுவது என்று படம் போட்ட முத்திரைகள் 1935இல் இருந்தே வந்துவிட்டன. அவற்றிலும் ஒரு துண்டுகூட இங்கே இல்லை. (அந்த வரிசையில் எங்கள் திருகோணமலையும் இருக்கிறது, ஒரு ரூபா முத்திரையில். ஊர்க்காரன் ஒட்டும் கடிதத்துக்கு ஒரு ரூபா எங்கே போவது? சொந்த ஊரின் படத்தை நான் முதலில் பார்த்ததே பெரியப்பாவின் அல்பத்தில்தான்.)

இப்போது நிறத்துக்கு வருகிறேன். இந்த அட்டையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

முத்திரையை வெட்டிப் படம் ஒட்டுவது ஒரு நாட்டுக்காரரின் கைவேலை இல்லை. 1840இல் முத்திரை வந்தது, அடுத்த வருசமே இலண்டனில் ஒரு பெண் உடுப்பு மாற்றும் அறைச் சுவர் முழுக்கப் பாவித்த முத்திரை ஒட்டப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, ஏற்கெனவே 16,000 சேர்த்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறா. பிறகு சீனாவில் முத்திரைத் துண்டால் பட்டுச்சட்டை போட்ட மனிதர்களை அட்டையில் ஒட்டிப் பயணிகளுக்கு விற்றார்கள். யுத்தம் வந்ததும் பட்டுச்சட்டை போய்க் கொடி வந்தது. கொடிக்கு வசதியாக ஒரு காரியம் முன்னமே நடந்திருந்தது. உலகத் தபால் ஒன்றியம் 1897இல் வாஷிங்டனில் கூடி, அச்சுத்தாள் அனுப்பும் முத்திரை பச்சை, தபாலட்டைக்கு உரியது சிவப்பு, வெளிநாட்டுக் கடிதத்துக்கு உரியது நீலம் என்று எல்லா நாட்டுக்கும் ஒரே நிறவரிசை வகுத்தது. வேற்றுமொழி தெரியாத தபால்காரனும் நிறத்தைப் பார்த்துக் கட்டணம் சரியா என்று பிடிக்கலாம் அல்லவா? இலங்கையில் மூன்று சதம் பச்சை, ஆறு சதம் சிவப்பு, பதினைந்து சதம் நீலம். பிரிட்டனில் அரைப் பென்னி பச்சை, ஒரு பென்னி சிவப்பு, இரண்டரைப் பென்னி நீலம். ஆகவே பிரிட்டிஷ் கொடிக்கும் பிரெஞ்சுக் கொடிக்கும் வேண்டிய சிவப்பும் நீலமும் தபாலிலேயே வந்து சேரும். யேர்மன்காரன்தான் தன் கொடிக்குக் கறுப்புத் தேடி அலைந்திருப்பான்.

ஆனால் திருகோணமலை வீட்டில் கணக்கு அப்படிச் சரிவரவில்லை. 1898 நத்தாரில் இருந்து சாம்ராச்சியத்துக்குள் கடிதம் ஒரு பென்னி. லண்டனில் இருந்து வந்தாலும் சிவப்பு. நீலம் ஒட்டுவது சாம்ராச்சியத்துக்கு வெளியே போகும் கடிதத்துக்கு, அது போனால் போனதுதான், முத்திரை திரும்பி வராது. ஆக, வீட்டுக்கு வரும் தபாலில் சிவப்பும் பச்சையும் குவியும், நீலம் அருமை.

பிரிட்டிஷ் கொடியில் நீல முக்கோணங்கள் எட்டு. உங்கள் அட்டையில் எண்ணிப் பாருங்கள். ஐந்துதான் முத்திரை. வலது பக்கத்தில் கீழ்ப்புறமாக உள்ள மூன்றிலும் கோலமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் நீலத்தாள். எந்தக் கடைச்சரக்குச் சுற்றி வந்த தாளோ. நீலம் போதாமல் போயிருக்கிறது. ராத்திரி விளக்கடியில் நகம்வெட்டும் கத்தரியோடு இருந்த மனிசன் ஆறாவது முக்கோணத்தில் வந்து நின்றிருப்பார். அங்கேயே விட்டுவிடவும் மனம் வராது, வேறு நீலமும் இல்லை.

அப்படியென்றால் அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? பதினைந்து சத முத்திரை உள்நாட்டிலும் பயன்படும், கனத்த கடிதத்துக்கும் பதிவுத் தபாலுக்கும். ஐந்தில் ஒன்றில் தபால்கந்தோர்க் குத்தின் விளிம்பு விழுந்திருக்கிறது, மூன்று ஆங்கில எழுத்து: எஃப், எஃப், என். இரண்டு எஃப் அடுத்தடுத்து வந்து பிறகு என் வருகிற தபால்கந்தோர் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், யாழ்ப்பாணம். அந்தக் காலத்துக் கச்சேரிக் கிளாக்கருக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து கனத்த கடிதம் ஏன் வரும்? நலம்விசாரிக்கும் கடிதம் கனக்காது. எங்கள் வீடுகளில் கனத்த கடிதம் என்றால் காணி உறுதிப்பத்திரம், இல்லாவிட்டால் காணி வழக்கு. இது என் ஊகம்தான், ஆனால் விட மனமில்லாத ஊகம்: உங்கள் பூட்டனின் பிரிட்டிஷ் கொடியில் உள்ள நீலம் யாழ்ப்பாணத்துப் பனங்காணிக்காக வந்த நீலம்.

வெள்ளைக் கோடுகளையும் விட்டுவிடக் கூடாது. அது கடிதத்தாள் இல்லை. முத்திரைத் தாளின் ஓரத்தில் அச்சில்லாமல் வரும் வெறும் விளிம்பு, துளைப்பல் வரிசை தெரிகிறது. தபால்கந்தோர் யன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிநேகிதர் இல்லாமல் அவ்வளவு விளிம்பு கைக்கு வராது.

நாலாவது கேள்வி, வால் பிடித்தவரா என்பது. அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. கச்சேரியில் சம்பளம் வாங்கியவர், ராசாவுக்கு எதிராக அட்டை ஒட்டியிருக்க மாட்டார். 'கோட் சேவ் த கிங்' என்று எழுதியவருடைய நாட்டுப்பற்று எந்த நாட்டுக்கு என்று கேட்பதற்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் வாயைத் திறக்க யோசிக்கத்தான் வேண்டும். 1918இல் இருந்தவருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காமலும் இருக்கலாம். இருந்தாலும் நேவிக்காரனின் முகத்தை ஒருக்கால் பாருங்கள். இப்படியான அட்டைகளில் முகத்தையும் கையையும் மையால் வரைவதுதான் வழக்கம். இவர் வரையவில்லை. சிவப்பு ஆறு சத முத்திரையின் தலையை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார். தாடி, இடது பக்கம் பார்க்கும் முகம், எல்லாம் ஐந்தாம் ஜோர்ஜ். உச்சியில் முடி இருந்த இடத்தைக் கத்தரியால் எடுத்துவிட்டு, மையால் நேவித்தொப்பி போட்டிருக்கிறார். ராசாவும் சின்ன வயதில் இருந்து கடற்படையில் இருந்தவர், ஆகவே பிழையென்றும் சொல்ல முடியாது. கச்சேரியில் மேலதிகாரி யாரும் கேட்டிருந்தால் அந்தப் பதிலும் கையில் இருந்திருக்கும். என் கணிப்பில், மனிசனுக்கு அளவான ஒரு முகம் தேவைப்பட்டது, கையில் கிடந்த முகம் அது. ராசாவின் முடியை வெட்டுகிறோம் என்ற நினைப்பு வந்ததா இல்லையா என்பது அவருக்கும் கத்தரிக்கும்தான் தெரியும்.

கொடியிலும் ஒரு பிழை இருக்கிறது. மூலைக்கு மூலை போகும் கோட்டில் அகன்ற வெள்ளை, கம்பத்தோரத்தில் மேலே வரவேண்டும், அட்டையில் கீழே வந்திருக்கிறது. தலைகீழ்க் கொடி. கடலில் அதை ஆபத்துக்குக் காட்டும் சைகையாகப் படிப்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டு 'பூட்டன் இரகசியமாக எதிர்ப்புக் காட்டியிருக்கிறார்' என்று யாராவது எழுதினால் நம்பவேண்டாம். வெள்ளைக்காரரே இதைத் தலைகீழாகப் பறக்கவிடுவார்கள்.

அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போடவேண்டாம், லமினேட் பண்ணவே வேண்டாம். கோதுமை மாப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு அது கலியாணச் சாப்பாடு. கழன்று தொங்கும் துண்டை செலோட்டேப்பால் ஒட்டாமல் அப்படியே விடுங்கள். தடித்த வெள்ளைத்தாளில் உறை செய்து, காற்று நுழையும் பெட்டியில் வையுங்கள். திருகோணமலை டைக் வீதி மாதிரிக் கடலோர வீட்டில் வைத்திருந்தால் கடல் உப்புக்காற்றுக்கு யன்னலை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கனடாவுக்குக் கொண்டுபோவதானால் மடிக்காமல் கைப்பையில் வரட்டும்.

ஒரு உதவி கேட்கிறேன். அந்த நீலத் துண்டில் குத்தின் விளிம்புக்கு உள்ளே கொஞ்சம் மை இருக்கிறது, படத்தில் எனக்குத் தெளியவில்லை. திகதியின் ஒரு இலக்கமாவது இருக்கக்கூடும். தம்பி அட்டையை வெயிலில் வைக்காமல் வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கட்டும். ஆண்டு கிடைத்தால், அதே றங்குப்பெட்டியில் பழைய உறுதி எதுவும் இருக்கிறதா, அதில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்றும் பார்த்து எழுதுங்கள்.