சாவி வாங்கும் முன் சலான்
பரிசு, அன்பளிப்பு, மொய்: வாசகர்களின் வரிச் சந்தேகங்களுக்குப் பதில்

(இங்குள்ள கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. அதனால் எண்களைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறோம்.)

என் மகளுக்கு 15 வயது. டி.வி. பாட்டுப் போட்டியில் ரூ.8.40 லட்சம் மதிப்புள்ள கார் பரிசு கிடைத்திருக்கிறது. 'ரூ.2.52 லட்சம் வரி கட்டினால்தான் சாவி' என்கிறார்கள். பரிசுக்கு நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? என் மாதச் சம்பளமே ரூ.38,000தான். (வாசகர், திண்டுக்கல்)

அவர்கள் கேட்பது சரியான தொகைதான். லாட்டரி, சீட்டாட்டம், குதிரைப் பந்தயம், டி.வி. போட்டி எல்லாவற்றிலும் கிடைக்கும் பரிசுக்கு ஒரே விகிதம்: 30%. ரொக்கப் பரிசாக இருந்தால் அதிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். காரில் 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே! அதனால், பொருளாகக் கொடுக்கும் பரிசுக்கு வரி கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்டுதான் அதை ஒப்படைக்க வேண்டும் என்று போட்டி நடத்துபவருக்குச் சட்டம் கட்டளை இடுகிறது. மீறினால் அந்தச் சுமை அவர்கள் தலையில் விழும்.

ரூ.8,40,000-க்கு 30% என்றால் ரூ.2,52,000. அதோடு முடியவில்லை. வரியின் மேல் 4% செஸ், அதாவது ரூ.10,080, டி.டி.எஸ். (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்கும்போது சேராது, ரிட்டர்ன் போடும்போது நீங்கள் கட்ட வேண்டும். மொத்தம் ரூ.2,62,080. 'மகளுக்கு வேறு வருமானமே இல்லையே, ரூ.4 லட்சம் வரை வரி கிடையாதே' என்று தோன்றும். இந்த வகை வருமானத்துக்கு அந்த அடிப்படை விலக்கு கிடையாது. ரூ.12 லட்சம் வரை வரி வராமல் காக்கும் தள்ளுபடியும் கிடையாது. பாட்டு வாத்தியாருக்குக் கொடுத்த சம்பளம், சென்னைக்குப் போய்வந்த செலவு எதையும் கழிக்க முடியாது.

ஒரு நல்ல செய்தி: பிள்ளைகளின் வருமானத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்ப்பது பொது விதி. ஆனால் பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது அதில் சேராது. எனவே பரிசு மகளின் வருமானமே. உங்கள் சம்பளத்தோடு கூட்ட வேண்டாம். அதற்கு முதலில் மகள் பெயரில் பான் எண் வாங்குங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அவசரத்தில் அப்பாவின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, பரிசு மகள் பெயரிலும் வரி அப்பா கணக்கிலுமாக நின்று, பிறகு நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பணத்தைப் போட்டி நடத்தும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தினால், அவர்கள் தங்கள் டான் எண்ணில் (வரி பிடிப்பவருக்கான எண்) அரசுக்குக் கட்டுவார்கள். இரண்டு, வருமான வரித்துறை தளத்தில் 'இ-பே டாக்ஸ்' பகுதிக்குப் போய், மகளின் பான் எண்ணில் அட்வான்ஸ் டாக்ஸாக (முன்கூட்டியே கட்டும் வரி) நீங்களே கட்டி, சலான் (வரி கட்டிய ரசீது) நகலை அவர்களிடம் கொடுப்பது. முதல் வழியில் போனால் வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16ஏ கேட்டு வாங்குங்கள். பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். அறிக்கையில் தொகை உடனே தெரியாது. அந்தக் காலாண்டுக்கான டி.டி.எஸ். ரிட்டர்னை அவர்கள் போட்ட பிறகுதான் தெரியும். காரின் மதிப்பு எப்படி வந்தது என்பதற்கு இன்வாய்ஸ் நகலும் வேண்டும். மகளுக்காகக் காப்பாளராக நீங்கள் பதிவு செய்து ஐ.டி.ஆர்-2 என்ற ரிட்டர்ன் படிவம் போட வேண்டும். ஐ.டி.ஆர்-1 இதற்கு ஏற்றதல்ல.

இரண்டரை லட்சம் கையில் இல்லை என்றால்? 'காருக்குப் பதில் ரொக்கமாகத் தருவீர்களா' என்று எழுதிக் கேளுங்கள். ரூ.8.40 லட்சம் ரொக்கம் என்றால் ரூ.5.88 லட்சம் கைக்கு வரும். செஸ் மட்டும்தான் பாக்கி. ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கடன் வாங்கி வரி கட்டி, சொந்த உபயோகக் காராக எடுத்துப் பிறகு விற்கலாம். அந்த விற்பனைக்கு மூலதன ஆதாய வரி வராது. ஆனால் ஷோரூமை விட்டு வெளியே வந்த காருக்கு ஷோரூம் விலை கிடைக்காது. சாலை வரி, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பரிசை ஏற்காமல் விட்டால் வரியும் இல்லை. 15 வயதுக் குழந்தை ஜெயித்ததை விட்டுக்கொடுப்பது வேதனைதான். அதனால்தான் சொல்கிறோம்: பரிசு வீடா, காரா, ரொக்கமா, வரி யார் கட்டுவது என்பதை இறுதிச் சுற்றுக்கு முன்பே ஒப்பந்தத்தில் படித்துவிட வேண்டும். சில நிகழ்ச்சிகளில் வீடே பரிசு. ரூ.50 லட்சம் வீட்டுக்கு ரூ.15 லட்சம் ரொக்கம் புரட்ட வேண்டும்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து குமுளியில் கேரளா லாட்டரி வாங்குகிறோம். ஒரு கோடி விழுந்தால் கைக்கு எவ்வளவு வரும்? (வாசகர், கம்பம்)

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 முதல் தடை. கேரளாவுக்குப் போய் காகிதச் சீட்டு வாங்குவது வேறு. வாட்ஸ்அப்பில் 'கேரளா லாட்டரி' விற்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். அந்த அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை.

ஒரு கோடியில் ஏஜென்ட் பங்கு 10% போக ரூ.90 லட்சம். அதில் 30% பிடித்தால் ரூ.27 லட்சம் போய், ரூ.63 லட்சம் வங்கிக்கு வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 63 லட்சமும் தங்களுடையது என்று இடம் வாங்கிவிடுவார்கள். வருமானம் ரூ.50 லட்சத்தைத் தாண்டினால் வரியின் மேல் 10% சர்சார்ஜ் உண்டு: ரூ.2.70 லட்சம். இரண்டும் சேர்ந்த ரூ.29.70 லட்சத்தின் மேல் 4% செஸ்: ரூ.1,18,800. ஆக இன்னும் ரூ.3,88,800 கட்ட வேண்டும். பிடித்தது போக உள்ள பாக்கி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் என்றால் அட்வான்ஸ் டாக்ஸ் வரும். மார்ச் மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏப்ரலிலிருந்து மாதம் 1% வட்டி.

ஒருவர் பெயரில் போனால் இந்தக் கணக்கு. நால்வரும் உண்மையாகவே பங்காளிகள் என்றால் ஆளுக்கு ரூ.22.50 லட்சம், வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு சர்சார்ஜ் வராது. ஆளுக்கு ரூ.7.02 லட்சம், நால்வருக்கும் ரூ.28.08 லட்சம். ஒரே பெயரில் என்றால் ரூ.30,88,800. வித்தியாசம் ரூ.2,80,800. ஆனால் பங்காளி என்பது குலுக்கலுக்கு முன்பே தெரிய வேண்டும். சீட்டு வாங்கிய அன்றே அதை போட்டோ எடுத்து நால்வர் குழுவில் போடுங்கள். பங்குப் பணத்தை ஜி.பே. மூலமே கொடுங்கள், 'லாட்டரி பங்கு' என்று குறிப்பு எழுதி. பரிசு கோரும்போது கூட்டு உறுதிமொழியும் நால்வர் பான் எண்ணும் கொடுங்கள். டி.டி.எஸ். நால்வர் பெயரிலும் ஏற வேண்டும். சீட்டை ஒப்படைக்க 30 நாள்தான் அவகாசம். விழாத சீட்டுகளுக்குச் செலவழித்ததை இதில் கழிக்க முடியாது.

மகனுக்குக் காதணி விழா. தாய்மாமன் 10 பவுன் போடுகிறார். மொய் ரூ.6 லட்சம் வரலாம். கல்யாண மொய் போல இதற்கும் வரி இல்லைதானே? (வாசகி, பேராவூரணி)

கல்யாண மொய்க்கு விலக்கு உண்டு. அதுவும் மணமகன், மணமகளுக்கு வந்ததற்கு மட்டும்தான்; பெற்றோருக்குத் தனியாக வந்தால் விலக்கு இல்லை. காதணி, மஞ்சள் நீராட்டு, புதுமனைப் புகுவிழா எதற்கும் சட்டத்தில் விலக்கு சொல்லவில்லை.

பிறகு யார் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். தாய்மாமன், அத்தை, சித்தி, சித்தப்பா, பெரியப்பா, அவர்களுடைய துணைவர்கள், தாத்தா பாட்டி கொடுப்பது எவ்வளவானாலும் வரி இல்லை. பத்துப் பவுனும் கவலையில்லை. சித்தப்பா மகன் சட்டப்படி உறவினர் அல்ல. இன்னொரு விசித்திரம்: மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை, அதே மருமகன் வளர்ந்து மாமனுக்குக் கொடுத்தால் வரி உண்டு. பட்டியல் வாங்குபவர் பக்கமிருந்து எழுதப்பட்டது.

உறவினர் அல்லாதவர்கள் கொடுத்த பணம் ஓராண்டில் மொத்தம் ரூ.50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. மைனர் மகனுக்கு வந்தது பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும். இதற்கு 30% அல்ல. உங்கள் சாதாரண வரி விகிதமே. மொய் நோட்டில் பேர், ஊர், தொகை எழுதுகிறோம். நான்காவதாக ஒரு கட்டம் போட்டு 'உறவுமுறை' என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு கட்டம் உங்கள் வரியைப் பாதியாகக் குறைக்கலாம்.

உங்கள் பக்கத்து மொய் விருந்து திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பது ஊருக்கே தெரியும். இனாமாக வந்ததற்குத்தான் வரி. திருப்பித் தர வேண்டியது கடன் என்று வாதிடலாம், நோட்டும் பழைய கணக்கும் இருந்தால். ஆனால் கடன் என்று சொன்னால் ஒருவரிடம் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி குறுக்கே வரும். வரிக்குரிய வருமானமில்லாத இரு விவசாயிகளுக்குள் என்றால் அது பொருந்தாது. எந்த விழாவாக இருந்தாலும் ஒருவரிடமிருந்து ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்காதீர்கள்; வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம்.

நண்பர் தன் பழைய காரை எனக்கு இனாமாகக் கொடுத்தார். வரி உண்டா? (வாசகர், ஓசூர்)

இல்லை. அன்பளிப்பு வரிப் பட்டியலில் பணம், நிலம், வீடு, நகை, தங்கக்கட்டி, பங்குகள், ஓவியம், சிற்பம், கிரிப்டோ போன்றவைதான் உள்ளன, கார் இல்லை. இதையே உங்கள் முதலாளி கொடுத்திருந்தால் சம்பளத்தோடு சேரும்.

சிமென்ட் டீலராக இருக்கிறேன். இலக்கை முடித்ததற்கு தாய்லாந்து டூர், தங்கக் காசு. அதற்கு 10% வரி கேட்கிறார்கள். (வாசகர், நாமக்கல்)

தொழில் வழியாக வரும் சலுகை ஓராண்டில் ரூ.20,000-ஐத் தாண்டினால், கொடுக்கும் நிறுவனம் 10% டி.டி.எஸ். கட்டியாக வேண்டும், 2022 ஜூலை 1 முதல் இந்த விதி. இது முன்பணம் மட்டுமே. டூர், காசு இரண்டின் மதிப்பையும் வியாபார வருமானத்தில் காட்டி, உங்கள் விகிதப்படி வரி கணக்கிட்டு, அந்த 10 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். காட்டாமல் விட்டால், வரித்துறை உங்கள் வரவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஏ.ஐ.எஸ். அறிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

'உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, வரி ரூ.18,000 அனுப்புங்கள்' என்று போன் வந்தது. (வாசகி, கடலூர்)

நீங்கள் கலந்துகொள்ளாத போட்டியில் பரிசு விழாது. ரூ.18,000 உண்மையான வரியாக இருந்தால் காரின் விலை ரூ.60,000 ஆக வேண்டும். வருமான வரி எந்தத் தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கும் போகாது. பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க அதுதான் தேவை.