கடம்பவனம் என்றே வையுங்கள், எழுத்தை மட்டும் நீங்களே எழுதிக் கொடுங்கள்

தங்கச்சி, மதுரையிலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எட்டு மாதம், வயிற்றில் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் உங்கள் குடும்பப் பெயராக இருக்கும் 'கடம்பவனம்' உங்களோடு நின்றுவிடக் கூடாது, அதையே பிள்ளைக்குப் பெயராக வைக்கலாமா, இங்கே சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, பாலர் பள்ளி எல்லாம் உங்கள் மாமியாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவரைக் கேளுங்கள். பெயர் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

தாராளமாக வையுங்கள். இங்கே நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. பிள்ளையின் பெயர், நடுவில் 'ஏ எல்' அல்லது 'ஏ பி', பிறகு அப்பா பெயர், அவ்வளவுதான். அனாக் லெலாக்கி என்றால் மகன், அனாக் பெரெம்புவான் என்றால் மகள். உங்கள் வீட்டுப் பெயருக்கு இதில் வேறு இடமே கிடையாது, பிள்ளையின் சொந்தப் பெயராக வந்தால்தான் உண்டு. பெண் பிறந்தாலும் தயங்க வேண்டாம், மீனாட்சி குடியிருக்கும் வனத்தின் பெயர்தானே அது. மரமும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. வெண்கடம்பை மலாய்க்காரர்கள் கெலெம்பாயான் என்பார்கள். லிந்தாங் போகிற வழியில் என் வீட்டுக்காரர் முதன்முதலாகக் காட்டியபோது, ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் எந்தப் பெயரையும் மலாய்க் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 1999-இல் என் மூத்தவளுக்கு வான்மதி என்று வைத்தோம். பாரத்தை நிரப்பித் தந்தவர் 'டி'க்குப் பிறகு 'எச்' போடாமல் விட்டுவிட்டார். மலாயில் 'மாத்தி' என்றால் சாவு. எனக்கு அப்போது மலாய் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்தேன். பள்ளியில் பிள்ளைகள் அந்தப் பாதியை மட்டும் பிரித்துக் கூப்பிட்டார்கள், அவள் அழுதுகொண்டு வந்த நாள்கள் உண்டு. நிலா என்றால் இங்கே அவுரி நீலம். ஒரு சொட்டு நீலத்தால் ஒரு பானைப் பாலும் கெட்டது என்று அவர்களிடம் பழமொழியே இருக்கிறது. மலருக்குக் கவலையில்லை, 'மலார் ஹிஜாவ்' என்றால் என்றும் பசுமை. 2006-இல் விலங்கு, பழம், நிறத்தின் பெயரெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று பதிவுத் துறை ஒரு பட்டியல் போட்டதாகச் செய்தி வந்தது, கருப்பசாமியும் அதில் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

நம் ஊரிலிருந்து வந்து கோலாலம்பூரில் இருக்கிற சிலர், தோட்டத்து ஆட்களுக்குப் பெயர் வைக்கக்கூடத் தெரியாது என்று பேசுவார்கள். நீங்கள் அந்தப் பேச்சில் சேராதீர்கள். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள், தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதியதைத்தான் பெயராகச் சுமந்தார்கள். என் மாமியார் லட்சுமி. ஐசி என்கிற அடையாள அட்டையில் கடைசிவரை 'லெட்சுமி'. கிளினிக்கில் அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

1996-இல் நான் வந்த முதல் வாரம், காலை எட்டு மணிக்கு அந்த அம்மா "பசியாறிட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள் என்று தெரியாமல், பசியில்லை அத்தை என்று சொல்லிவிட்டேன். மத்தியானம்வரை வெறும் வயிறு. விஷயம் தெரிந்ததும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தானே ஊட்டிவிட்டார். எனக்கு இங்கே மலாயும் தோட்டத்துப் பேச்சும் கற்றுக் கொடுத்தது அவர்தான். இப்போது பாசாரில், அதாவது சந்தையில், நான் விலை பேசினால் இங்கே பிறந்தவள் என்றுதான் நினைக்கிறார்கள், அதில் எனக்குப் பெருமை.

அடுத்து மகன் பிறந்தான். முகிலன் என்று முடிவானதும், நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ரோமன் எழுத்துகளை நானே ஒவ்வொன்றாக எழுதினேன். பதிய அவகாசம் இருந்தும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். கவுண்டரில் அவரே பிரித்து நீட்டினார், சுராட் பெரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ், கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்க்கச் சொன்னார். அவருக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. வெற்றிலைக் கறையோடு அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.