12 துண்டு வளையம்: கடைசி இணைப்பு மட்டும் சேரவில்லை

கடைசல் வேலைக்காக 12 மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் 200 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில், கடைசி இணைப்பின் வெளிப்பக்கம் 4 மி.மீ. இடைவெளி தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைக்காதீர்கள். கடையும்போது அங்கேதான் பிளக்கும். வளையத்தை இரண்டு அரைவளையங்களாக ஒட்டுங்கள்.

1. எதிரெதிரான இரண்டு இணைப்புகளில் பசை தடவாமல் 3 மி.மீ. கம்பியை ஒவ்வொன்றிலும் நிறுத்துங்கள். மற்ற பத்திலும் பசையிட்டு ஹோஸ் கிளாம்பால் (திருகி இறுக்கும் உலோகப் பட்டை) சுற்றி இறுக்குங்கள்.
2. காய்ந்ததும் கம்பிகளை எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடியில் ஒட்டிய 80 எண் உப்புத்தாளில் ஒவ்வொரு அரைவளையத்தின் இரு முனைகளையும் ஒன்றாக வைத்துத் தேயுங்கள். இரண்டு பாதிகளும் வெளிச்சம் புகாமல் பொருந்தினால் ஒட்டலாம்.

காரணம் பெரும்பாலும் கோணம்தான். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 15 பாகையில் வெட்ட வேண்டும்; அதில் 0.1 குறைந்தாலே 24 வெட்டுகளில் 2.4 பாகை ஆகிவிடும்; உங்கள் 4 மி.மீ. அதுதான். இடைவெளி உள்பக்கம் விழுந்திருந்தால் கோணம் கூடியிருக்கிறது என்று பொருள்.

ரம்பத்தின் கோண அளவுகோல் கோடுகளை நம்பாமல், இரண்டு வேலிப் பலகைகள் (துண்டைச் சாய்த்து வைக்கும் தடுப்புகள்) கொண்ட ஸ்லெட், அதாவது ரம்ப மேசையில் நகரும் பலகை, செய்யுங்கள். நல்ல செட் ஸ்கொயரின் 30 பாகை மூலையை நடுவில் வைத்து இரண்டு வேலிகளையும் அதோடு ஒட்டித் திருகுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனையை ஒரு வேலியிலும் மறுமுனையை அடுத்த வேலியிலும் வெட்டினால், இரண்டும் சேர்ந்து 30 வந்துவிடும். தனித்தனியே 15 இருக்க வேண்டியதில்லை. இது மிக நல்ல ஏற்பாடு.

இடைவெளி மேலே அகன்று கீழே ஒட்டியிருந்தால் கோணத்தைத் தொடாதீர்கள்; ரம்பத் தகடு மேசைக்கு 90 பாகையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

முனைகளில் 1 மி.மீ.க்கு மேல் தேய்க்க வேண்டாம்: வளையம் நீள்வட்டமாகி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இணைப்புக் கோடுகள் விலகும். வெட்டிய துண்டு தகட்டுக்கும் நீளத் தடுப்புக்கும் (துண்டின் நீளத்தை நிர்ணயிக்கும் கட்டை) நடுவே சிக்கக் கூடாது, தெறித்து வரும்.